தெருவுக்கு ஒரு இழுப்புக்காரர்

பினாங்கில் கடையைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் உண்டு, வீட்டைச் சொந்தமாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஒரு நோயையே சொந்தமாக வைத்திருந்தவர் சூலியா தெரு விசில் நானா ஒருவர்தான்.

நாணயமாற்றுக் கடைக்காரர், எழுபதைத் தாண்டியவர். ஆஸ்துமாவில் நெஞ்சு விசிலடிப்பதால் அந்தப் பெயர். நானா என்றால் அண்ணன். தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது.

"எங்க காலத்துல தெருவுக்கு ஒரு இழுப்புக்காரன்தான். அது நான்" என்பார், ஏதோ பட்டம் வாங்கியவர் மாதிரி. பள்ளியில் அவருக்கு ஓட்டப்பந்தயம் கிடையாது. கல்யாண வீட்டில் காத்தாடிக்குக் கீழேதான் இடம். அந்த உரிமையை தெருமுனை நாசி கண்டார் சோற்றுக்கடையிலும் நிலைநாட்டியிருந்தார். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலி அவருடையது. வேறு யாராவது உட்கார்ந்தால் பக்கத்தில் போய் நிற்பார். விசில் சத்தம் கூடும். உட்கார்ந்தவர் தட்டோடு எழுந்துவிடுவார்.

காலம் மாறியது. வீட்டுக்கு ஒரு நீல பம்ப், மூச்சுக்கு மருந்து உறிஞ்சுவது, வந்துவிட்டது. யாராவது சட்டைப்பையிலிருந்து எடுத்து உறிஞ்சினால் நானா விசாரணை வைப்பார்.

"யாரு குடுத்தா?"

"கிளினிக்லதான் நானா."

"கிளினிக்ல குடுத்தா ஆயிடுமா? நான் சின்ன வயசுலேர்ந்து இழுக்கிறேன்லா."

இந்த நேரத்தில்தான், நகரம் பெருகப் பெருக ஆஸ்துமாவும் பெருகுகிறது என்று நான் கைப்பேசியில் படித்துத் தொலைத்தேன். வெளியே வேறு காட்டுத்தீப் புகைமூட்டம். உடனே மூச்சு முட்டியது. படிப்பதற்கு முன்பு முட்டவில்லையே என்றாள் மனைவி. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. இரண்டு முகக்கவசங்களைப் போட்டுக்கொண்டு தே தாரேக் டீ குடிக்கப் பார்த்தேன். காற்றைச் சுத்தம் செய்யும் மிஷின் ஒன்று வாங்கினேன். வீட்டுக் காற்று நன்றாகத்தான் இருக்கிறது என்று பச்சை விளக்கு எரிந்தது. மிஷின் ரிப்பேர் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

கடைசியில் நானாவின் நாற்காலி முன்னால் போய் நின்றேன்.

"எனக்கும் இழுப்புன்னு தோணுது நானா."

"உன் ஆர்டர ஒரே மூச்சுல சொல்லு பாப்போம்."

"சோறு, ஆட்டுக்கறி, மீன் முட்டை, வெண்டிக்காய், சோத்தோங், எல்லாக் குழம்பும் கலந்து ஊத்தி அப்பளம் ரெண்டு."

"இது இழுப்பு இல்ல தம்பி, பசி. போய்த் தின்னு."

பக்கத்து மேசையில் மருந்துக்கடை மல்லிகா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நோய் கூடித்தான் இருக்கு நானா. ஆனா உங்க காலத்துலயும் நெறைய பேருக்கு இருந்திருக்கும். சளின்னாங்க, தூசின்னாங்க. பேரு வைக்கல, அவ்ளோதான்."

"யாருக்கு இருந்துச்சு? ஒரு ஆளச் சொல்லு."

"ஏன், உங்க வீட்லயே யாரும் இருமினதில்லயா?"

 நானாவின் வாப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.

"அது மூட்டைத் தூசிலா" என்றார். பிறகு, "அவருக்கும் விசில் கேக்கும். என்னைக் காத்தாடிக்குக் கீழ உக்கார வச்சிட்டு, அவரு வாசல்ல போயி நிப்பாரு. காத்து வாங்குறேன்னு சொல்லுவாரு."



அடுத்த வாரம் புகை இன்னும் கெட்டியானது. என் பஸ் டிக்கெட் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தேன். ஆர்டர் சொல்ல ஆரம்பித்தவன் ஆட்டுக்கறியோடு நின்றுவிட்டேன். வெண்டிக்காய்க்கு மூச்சு இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ கீச்சிட்டது.

"அண்ணே நடிக்கிறாரு" என்றான் சோறு போடுகிறவன். என் வரலாறு அப்படி.

நானா சிரிக்கவில்லை. எழுந்தார். அந்த நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

"நானா, இது பயமா... இழுப்பா?"

"உக்காரு. பேரு அப்புறம் வச்சிக்கலாம்."

அன்று மாலை கிளினிக்கில் எனக்கும் ஒரு நீல பம்ப் கொடுத்தார்கள். அதைப் பற்றி நானா இன்றுவரை விசாரணை வைத்ததில்லை. ஆனால் அந்த மத்தியானம், என்னை மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்துவிட்டு, நெஞ்சு விசிலடிக்க அவர் வாசலில் போய் நின்றார். ஏன் நானா என்றதற்குக் காற்று வாங்குகிறேன் என்றார், எதிர்க்கடையே தெரியாத அந்தப் புகையில்.