கனகரத்தினத்தின் இரத்தம்

"பேர்?" என்று கேட்டார் கிளினிக்கில் இரத்தம் எடுக்கும் மிஸி.

கையில் இறங்கப்போகும் ஊசியையே பார்த்துக்கொண்டிருந்த அபூதாஹிருக்குத் தன் பெயர் நன்றாகவே ஞாபகம் இருந்தது. அதுதான் பிரச்சினை.

"பேரைச் சொல்லுங்கோ ஐயா. பின்னால ஆக்கள் நிக்கினம்."

"கனகரத்தினம்," என்றார் அபூதாஹிர்.

வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது. திருகோணமலைத் துறைமுகத்தின் தேயிலைப் பண்டகசாலையில் அவருக்கு மேலதிகாரி கனகரத்தினம். நெற்றி நிறையத் திருநீறு, முறுக்கு மீசை, கப்பல் ஊதுவது போன்ற குரல். அப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்மைக் குறைவு என்றால் யார் நம்பப்போகிறார்கள்?

கொழும்பிலிருந்து வந்த டொக்டர் ஒருவர் அந்தக் கிளினிக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டிய ஆண்களுக்கு டெஸ்தொஸ்தெரோன் என்னும் ஆண் ஓமோன் ஏன் குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். எடுத்த இரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து ரயிலில் கொழும்புக்கு அனுப்புவார். குறைவாக இருப்பவர்களைக் கூப்பிட்டுக் காரணம் தேடுவார். மற்றவர்களுக்கு ஒரு சொல்லும் வராது. துறைமுகத்து ஆண்களில் ஒருவர்கூட 'நான் போகிறேன்' என்று வாய் திறந்து சொல்லவில்லை. ஆனாலும் கிளினிக்கில் ஆள் குறைந்தபாடில்லை.

அபூதாஹிரை அனுப்பியது அவர் மனைவி சுபைதா. "நாலு தரம் கூப்பிட்டாத்தான் திரும்பிப் பாக்கிறீங்க. சாப்பிட்ட கதிரையிலேயே நித்திரை. முந்தி இப்படியா இருந்தீங்க? போய்க் காட்டிட்டு வாங்க," என்று ஒற்றைக்காலில் நின்றுவிட்டாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு கிளினிக்கில் வேலை செய்யும் ஒருவர் பண்டகசாலைக்கு வந்தார். தேயிலைப் பெட்டிகளை இறக்கும் இரைச்சலுக்கு மேலால் கேட்க வேண்டுமே என்று தொண்டையைத் திறந்தார்.

"கனகரத்தினம் ஐயாவை டொக்டர் வரட்டாம். ஆண் ஓமோன் குறைவாம்."

இரைச்சல் சட்டென்று நின்றது. பெட்டி தூக்கியவர்கள் தூக்கியபடி நின்றார்கள். அபூதாஹிரின் காது கொதித்தது. குறைவு தனக்குத்தான் என்று தெரிந்த ஒரே மனிதர் அங்கே அவர்தான். அதை ஒருவரிடமும் சொல்ல ஏலாது.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலக் கனகரத்தினத்தின் முகம் வெளிறிப்போயிற்று. தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அபூதாஹிருக்கு அது விளங்கவே இல்லை. இரத்தமே கொடுக்காத மனிதர், 'நான் எங்கே இரத்தம் குடுத்தனான்' என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லையே. வெட்கத்தில் வாயடைத்துப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் கனகரத்தினம் டொக்டரிடம் போய் வந்தார். அபூதாஹிருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வருத்தம் இவருக்கு, மருந்து அவருக்கல்லவா போகிறது? தேத்தண்ணிக் கோப்பையோடு அவருடைய கந்தோர் அறைக்குள் நுழைந்தார்.

"டொக்டர் என்ன சொன்னவர் ஐயா?"

"அது உமக்கேன் தாஹிர்?"

"உங்கட சுகம்தானே ஐயா என்ட சுகம்."

அபூதாஹிர் அந்தக் கந்தோரில் சொன்ன சொற்களில் அதைவிட உண்மையானது வேறில்லை. கனகரத்தினத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"இரும் தாஹிர். ஆருக்கும் சொல்லாதையும். வண்டி பெருத்தால் குறையுமாம். அந்த வயித்துக் கொழுப்பு ஆண் ஓமோனைப் பெண் ஓமோனா மாத்திப் போடுமாம்."

இருவரும் குனிந்து தங்கள் தங்கள் வண்டியைப் பார்த்துக்கொண்டார்கள்.

"வேற என்ன ஐயா?"

"நித்திரை குறைஞ்சாலும் குறையுமாம். சாராயம், கவலை, சீனி வருத்தம் எல்லாம் காரணமாம். சாப்பாட்டைக் குறைச்சு, நல்லா நடந்து, நேரத்துக்குப் படுக்கட்டாம். பிறகு திரும்ப இரத்தம் எடுப்பினமாம்."

அன்றிலிருந்து கந்தோரில் தேத்தண்ணிக்குச் சீனி இல்லை. பின்னேரம் வேலை முடிந்ததும் கனகரத்தினம் உப்புவெளிக் கடற்கரை வரைக்கும் நடந்தார். தனியே நடக்க அவருக்கு வெட்கம். தன் சுகத்தில் இவ்வளவு அக்கறை உள்ள அபூதாஹிரையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அபூதாஹிருக்கு அது வாய்க்குள் சீனி போட்ட மாதிரி. அவர் சாப்பிட்டதையே சாப்பிட்டார். அவர் விட்டதையெல்லாம் விட்டார்.

அபூதாஹிரின் வண்டி வற்றியது. நித்திரை கூடியது. ஒரு நாள் காலையில் கிணற்றடியில் பாட்டுச் சத்தம் கேட்டுச் சுபைதா குசினியை விட்டு வெளியே வந்து பார்த்தாள்.

"டொக்டர்ட மருந்து நல்லா வேலை செய்யுது போல," என்றாள், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு.

ஆனால் கனகரத்தினம் நாளுக்கு நாள் வாடினார். மீசை கீழே தொங்கியது. குரல் வள்ளத்துச் சங்கு அளவுக்கு இறங்கிவிட்டது. ஒரு பின்னேரம் உப்புவெளி மணலில் அப்படியே இருந்துவிட்டார்.

"தாஹிர், மனுசி செத்து ஏழெட்டு வருசம் தனிய இருந்திட்டன். இப்பதான் இலட்சுமி ரீச்சரைப் பேசி முடிச்சது. ஆவணியில எழுத்து. அந்தக் கலியாணத்தை நிப்பாட்டப் போறன்."

"ஏன் ஐயா?"

"ஏலாத ஒருத்தன் ஒரு பொம்பிளையின்ர வாழ்க்கையைக் கெடுக்கலாமோ?"

தன் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு பெயர் ஒரு கலியாணத்தையே தின்னப் பார்க்கிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், மானம் போகும். சொல்லாமல் எப்படித் தடுக்கலாம்? ஒரு யோசனை வந்தது. அடுத்த நாளே இலட்சுமி ரீச்சரின் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"ரீச்சர், ஐயா கலியாணத்தை நிப்பாட்டப் போறன் எண்டு சொன்னா நம்பாதீங்க. அவருக்கு ஒண்டும் இல்ல. அந்த வருத்தக் கதையெல்லாம் பொய்."

இலட்சுமி ரீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன வருத்தம்?"

அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது என்பது அபூதாஹிருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஒண்டுமில்ல ரீச்சர். ஓமோன்..."

"என்ன ஓமோன்?"

அபூதாஹிர் செருப்பை ஒரு காலில் மட்டும் மாட்டிக்கொண்டு படலையைத் தாண்டினார். ஆனால் அவர் பண்டகசாலைக்குப் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கி முடியும் முன்பே, கையில் குடையோடு இலட்சுமி ரீச்சர் வந்து இறங்கிவிட்டார். நேரே கனகரத்தினத்தின் அறைக்குள் போனார். பெட்டி தூக்குகிறவர்கள் ஒவ்வொருவராகக் கதவடிக்கு நகர்ந்தார்கள்.

"என்ன வருத்தம் எண்டு என்னட்டைச் சொல்லக் கூடாதோ? கட்டப் போறது நானோ, உங்கட கந்தோரோ?"

கனகரத்தினம் தலையைக் குனிந்தார். மேசையில் ஒரு துளி கண்ணீர் விழுந்ததை அபூதாஹிர் கண்டார். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"ஐயா, மன்னிச்சுக்கொள்ளுங்க. அந்த இரத்தம் உங்கட இல்ல. என்ட. வெட்கத்தில உங்கட பேரைக் குடுத்திட்டன்."

கனகரத்தினம் மெல்ல நிமிர்ந்தார். முதலில் கண் விரிந்தது. பிறகு மீசை மேலே ஏறியது. பிறகு பழைய கப்பல் குரல் முழுதாய்த் திரும்பி வந்தது.

"என்ன துணிவு உமக்கு? மற்றவன்ர பேரைக் களவெடுக்கிறது மனுசர் செய்யிற வேலையோ? சொந்தப் பேரைச் சொல்ல முதுகெலும்பு இல்லாதவன் ஏன் இரத்தம் குடுக்கப் போனவன்?"

அபூதாஹிர் கைகட்டி நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். திட்டித் தீர்த்ததும் கனகரத்தினம் முகத்தைத் துடைத்துச் சிரித்தார். "சரி, போகட்டும். கதை முடிஞ்சுது. ஆவணியில எழுத்து."

"முடியேல்லை," என்றார் இலட்சுமி ரீச்சர். "கிளினிக்கில உங்கட பேர் குறைவு எண்டுதானே கிடக்குது. இப்பவே போய் மாத்துவிப்பம்."

"கிளினிக்குக்கோ? அது வேண்டாம். பெரிய விசயமே இது?"

"எனக்குப் பெரிய விசயம்தான். எழும்புங்கோ."

கனகரத்தினம் தலையிடி என்றார். கப்பல் வருகிறது என்றார். ரீச்சர் குடையைக் கதவுப் பக்கம் நீட்டினார். மூவரும் புறப்பட்டார்கள். கனகரத்தினம் வழி நெடுகப் பின்தங்கிப் பின்தங்கி வந்தார்.

கிளினிக்கில் டொக்டர் இல்லை. அன்றைக்கு இரத்தம் எடுத்த மிஸிதான் லீவு முடிந்து வந்து மேசையில் இருந்தார். அபூதாஹிர் முன்னால் போய் நின்றார். வெட்கம் எல்லாம் வழியிலேயே கழன்றுபோயிருந்தது.

"மிஸி, கனகரத்தினம் எண்ட பேரில குறைவு எண்டு வந்த இரத்தம் என்ட. நான் அபூதாஹிர். இந்த ஐயாதான் உண்மையான கனகரத்தினம். இவர் இரத்தமே குடுக்கல்ல. தயவுசெய்து மாத்தி எழுதுங்க."

மிஸி அபூதாஹிரைப் பார்த்தார். பிறகு எட்டி, கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்ற கனகரத்தினத்தைப் பார்த்தார்.

"அந்த ஐயாவோ? ஒரு குறையும் இல்லாத இரத்தமெல்லோ அவரின்ர. நெத்தி நிறையத் திருநீற்றோட வந்து 'அபூதாஹிர்' எண்டு பேர் தந்த மனுசனை எனக்கு மறக்க ஏலுமோ?"