டாக்டரம்மாவுக்கு நாலு விளக்கு

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜீப்பின் தலையில் நாலு விளக்கு மாட்டியே தீருவது என்று கண்ணாடிக்காரர் சபதம் செய்தார். ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி விற்பவர் அவர். அடுத்தவர் கண்ணில் கால் பவர் ஏறியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். வீட்டில் நடப்பது மட்டும் பதினாலு வருஷமாக அவருக்கு மங்கலாகத்தான் தெரிந்தது.

ஜீப் வாங்கி இரண்டு வருஷம். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. இழுத்ததெல்லாம் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் அவர் ஒருவரைத்தான். சேறு என்பதை அது வண்டி கழுவும் இடத்தில், பக்கத்து வண்டிமேல்தான் பார்த்திருந்தது. எதிர்வீட்டுப் பல் டாக்டரும் ஜீப் வைத்திருந்தார். அதில் ஆறு விளக்கு. ஞாயிறு தவறாமல் மலைப்பாதைக்குக் கிளம்பிவிடுவார். போன வாரம் கண்ணாடிக்காரரின் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தவர், "மாலைக்கண் வந்த வண்டி மாதிரி இருக்கே சார். நீங்களே ஒரு கண்ணாடி மாட்டி விடக்கூடாதா?" என்றார்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் மனைவியிடம் என்ன சொல்வது? அவள் மாட்டு டாக்டர். கன்று போட முடியாமல் மாடு தவிக்கிறது என்று போன் வந்தால் விடிவதற்கு முன்பே ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவாள். விளக்கு எதற்கு என்று கேட்பாள். விளக்குக்கு முதலில் விளக்கம் வேண்டும். இரண்டு நாள் யோசித்து ஒன்று தயாரித்தார்.

அவள் குழாயடியில் ரப்பர் பூட்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உனக்காக ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன்."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

பூட்ஸைக் கீழே வைத்தாள். "உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இருட்டுல தனியா ஸ்கூட்டர்ல போறே. எனக்கு மனசே கேக்கல. ஜீப்புக்கு நல்ல விளக்கா நாலு போட்டுட்டா, அவசரத்துக்கு அதுலயே போகலாம்ல?"

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தன் பொய்க்குத் தானே உருகும் மனுஷன். அவள் பூட்ஸை மறுபடி கையில் எடுத்தாள்.

"எனக்காகன்னா, நானும் கடைக்கு வரேன்."

தவளை தன் வாயால் கெடும். கத்தி முடிக்கிறவரைக்கும் எந்தத் தவளைக்கும் அது தெரிவதில்லை.

கடையில் மெக்கானிக் ஒரு வட்ட விளக்கைத் தூக்கிக் காட்டினார். "இது ஒரு கிலோமீட்டருக்கு அடிக்கும் சார்."

"கிட்டத்துல?" என்றாள் அவள்.

"கிட்டத்துல ஒண்ணும் தெரியாதும்மா. இது தூரத்துக்கு."

"ஒரு கிலோமீட்டர் தள்ளி நின்னு நான் எந்த மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறது?"

மெக்கானிக் சிரித்துவிட்டார். கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. "தூரம்தான் முக்கியம். லென்ஸைப் பத்தி எனக்கே சொல்றியா?"

"போன மழையில நான் விழுந்த பள்ளம் தூரத்துலயா இருந்துது? சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால." சட்டைக் கையை மடித்து மெக்கானிக்கிடம் முழங்கையைத் திருப்பிக் காட்டினாள். நீளமான தழும்பு. "பதினோரு தையல்."

"எப்போ?" என்று கேட்டுவிட்டார் கண்ணாடிக்காரர்.

"அன்னிக்கே சொன்னேன். 'பார்த்துப் போகக் கூடாதா'ன்னுட்டு பேப்பரைத் திருப்பிட்டீங்க."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்க்ரூவை ரொம்பக் கவனமாக ஆராய ஆரம்பித்தார்.

அப்புறம் பேச்செல்லாம் அவளுக்கும் மெக்கானிக்குக்கும்தான். முன் பம்பரில் அகலமாகப் பரவுகிற மஞ்சள் விளக்கு இரண்டு. மழையில் கண் கூசாது. பின்கதவுக்கு மேலே தரையைப் பார்த்து இரண்டு. பின்னால் நின்றே போட்டுக்கொள்ளத் தனி ஸ்விட்ச். பேட்டரி இறங்குமா, வயர் சூடாகுமா, எல்லாம் கேட்டாள்.

"பின் சீட்டைக் கழட்டினா மருந்துப் பெட்டி நிக்குமா?"

"தாராளமா நிக்கும் டாக்டரம்மா."

"கூரைமேல ஒண்ணே ஒண்ணு?" என்று கெஞ்சினார் கண்ணாடிக்காரர்.

"அங்க யாருங்க கன்னு போடுறா?"

ஞாயிறு மதியம். மலைப்பாதைக்குக் கிளம்பப் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தபோது, அவள் பூட்ஸோடு கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"சாவி. மலையடிவாரத்துல ஒரு மாடு, காலையிலேர்ந்து தவிக்குதாம்."

"இன்னிக்கு ஒருநாள் ஸ்கூட்டர்ல…"

"எனக்காகத்தானே விளக்கு போட்டீங்க?"

"உனக்கு ஜீப் ஓட்ட வராதே!"

"தையல் பிரிச்ச மறுவாரமே கத்துக்கிட்டேன். லைசென்ஸ் வந்து பத்து மாசமாச்சு. கேட்டாத் தர மாட்டீங்கன்னு கேக்கல. நீங்களாத் தரும்போது வேண்டாம்னு சொல்ல நான் என்ன பைத்தியமா?"

அவர் மூன்று தடவை முன்னும் பின்னும் போய் வெளியே எடுக்கும் வண்டியை, அவள் ஒரே ரிவர்ஸில் எடுத்துக்கொண்டு போனாள்.

"வண்டியை சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்று பல் டாக்டரிடம் சொல்லிவிட்டு, அவருடைய ஜீப்பின் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். முன்சீட்டில் பல் டாக்டரின் சாமான். மழைக்குப் பயந்து மலைப்பாதையில் வேறு வண்டி எதுவும் வரவில்லை. அந்தி சாய்ந்ததும் பல் டாக்டர் ஆறு விளக்கையும் போட்டார். எதிர்மலையில் இருந்த மரம் இலை இலையாகத் தெரிந்தது. முன் சக்கரத்துக்குக் கீழே இருந்த பள்ளம் தெரியவில்லை. வண்டி அச்சு வரைக்கும் சேற்றில் இறங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது.

அரைமணி நேரம் கழித்து, கீழ்ப்பாதையில் மெதுவாக மஞ்சள் வெளிச்சம் ஒன்று வந்தது. கண்ணாடிக்காரர் தொப்பியை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் இறங்கி வந்தாள். தோள்வரைக்கும் சட்டை நனைந்து, கறை.

"டாக்டரம்மா, நீங்களா! மாடு எப்படி இருக்கு?" என்றார் பல் டாக்டர்.

"தாய் பிழைச்சிருச்சு. கன்னு போச்சு. ஒருமணி நேரம் முன்னாடி கூப்பிட்டிருந்தா ரெண்டும் பிழைச்சிருக்கும்."

அந்தக் குரலைக் கண்ணாடிக்காரர் அதுவரை கேட்டதில்லை. இப்படி எத்தனை சாயங்காலம் வீட்டுக்கு வந்திருப்பாள்? இறங்கிப்போய் ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தார்.

பல் டாக்டர் அவள் வந்த வண்டியை அப்போதுதான் கவனித்தார். "இது சர்வீஸ்ல இருக்குன்னு சொன்னாரே?"

"சர்வீஸ்லதான் இருக்கு."

கயிற்றை எடுத்துவந்து குனிந்து கொக்கியில் மாட்டினாள். நிமிரும்போது பின்சீட்டுப் பக்கம் ஒரு பார்வை.

"நான் இழுக்கிறேன். பின்னால தொப்பி போட்டுக்கிட்டு ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருக்காரே, அவரை இறங்கித் தள்ளச் சொல்லுங்க."