நெத்திலி, உப்பு தூக்கல்

செங்கல்பட்டுக்கும் மகாபலிபுரத்துக்கும் நடுவே செத்தவர்களோடு பேசத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் ஆபீசில்தான் இருந்தார். மந்திரவாதி இல்லை. வேப்பிலை, உடுக்கை எதுவும் கிடையாது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு தடித்த கண்ணாடி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்காரும் ஒரு சுழல் நாற்காலி, அவ்வளவுதான். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் போஸ்ட்மார்ட்டம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்குக் கல்பாக்கத்தில் வேலை, சதுரங்கப்பட்டினத்தில் வாடகை வீடு. நான் அங்கிருந்து பஸ் பிடித்துச் செங்கல்பட்டுக்கு வெளியே இருந்த ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். ரத்தப் பரிசோதனை லேப்களுக்கு புரோகிராம் எழுதுவதுதான் எங்கள் தொழில். நோயாளியின் பெயரைப் போட்டால் ரிப்போர்ட் அச்சாகி வரும். வர வேண்டும். சில நாள் வராமல் புரோகிராம் பட்டென்று செத்துப்போகும். அதைத்தான் நாங்கள் நாகரிகமாக 'கிராஷ்' என்போம்.

சாகிற புரோகிராம் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போகும். அந்த நொடியில் தன் மூளைக்குள் என்னென்ன இருந்ததோ அத்தனையையும் ஒரு கோப்பில் கொட்டிவிட்டுப் போகும். அதற்கு 'டம்ப்' என்று பெயர். அதை டீபக்கர் என்கிற இன்னொரு புரோகிராமில் ஏற்றிப் பார்த்தால், எந்த இடத்தில் உயிர் போனது, அதற்கு முன் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று தெரியும். தெரியும் என்று சொல்கிறேனே தவிர எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்கள்தான். போஸ்ட்மார்ட்டத்துக்கு மட்டும் அது கதை.

ஆபீசில் எந்தக் கம்ப்யூட்டர் உறைந்து நின்றாலும் முதலில் அவர் குரல்தான் கேட்கும். "தொடாத! யாரும் தொடாத! கடைசியா யாரு பார்த்தது?" நாற்காலியைச் சுற்றி ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிட்டு விசாரணையை ஆரம்பிப்பார். என்ன பட்டன் அழுத்தினாய், எத்தனை தடவை அழுத்தினாய், கோபமாக அழுத்தினாயா, சாதாரணமாக அழுத்தினாயா. ஒருமுறை மேனேஜரே கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, ஒரு லெட்டர் அச்சடிக்க முடியாமல் மதியம் வரை நின்றார். "ரீஸ்டார்ட் பண்ணா சரியாய்டும்பா" என்று கெஞ்சிப் பார்த்தார். "சரியாவும் சார். ஏன் செத்துச்சின்னு தெரியாமயே பொதைக்கிறதா?" என்று பதில் வந்தது.

வியாதி கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கேன்டீனில் யாராவது காபியைக் கொட்டினால் துடைக்க விடமாட்டார். முதலில் எந்தப் பக்கம் வழிந்தது, கப் எப்படிக் கிடக்கிறது என்று குனிந்து பார்ப்பார். ஆபீசே வேடந்தாங்கலுக்குச் சுற்றுலா போனோம். நாங்கள் எல்லாரும் பைனாகுலரை ஆளுக்கொரு பக்கம் இழுத்து நாரைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கரையில் விழுந்து கிடந்த ஒரு கூட்டின் முன்னால் ஒரு மணி நேரம் குந்திக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து வந்து, "காத்து இல்ல மேடம். அடியில போட்ட குச்சி ஈரக்குச்சி. அதான் வுழுந்துகீது" என்றார். நான் அன்று எத்தனை பறவை பார்த்தேன் என்று இப்போது நினைவில்லை. அந்த ஈரக்குச்சி நினைவிருக்கிறது.

இவரிடம் ஒரு பச்சை பீரோ இருந்தது. அதைப் பற்றிச் சொல்லாமல் கதை நகராது.

டம்ப்பில் இருக்கிற எண்களைப் பெயர்களாக மாற்ற ஒரு துணைக்கோப்பு வேண்டும். சிம்பல் ஃபைல் என்பார்கள். புரோகிராமை ஒவ்வொரு தடவை தயாரிக்கும்போதும் கூடவே அதுவும் பிறக்கும். அந்தத் தடவை பிறந்த புரோகிராமுக்கு அந்தத் தடவை பிறந்த சிம்பல் ஃபைல்தான் பொருந்தும், வேறு எதுவும் பொருந்தாது. நாங்கள் எல்லாரும் வேலை முடிந்ததும் அதைக் கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போடுவோம். அவர் ஒவ்வொன்றையும் ஒரு சிடியில் எழுதிப் பீரோவில் அடுக்கிவைப்பார். நூற்றைம்பது சிடி இருக்கும். எந்தச் சிடியிலும் தேதி கிடையாது, நம்பர் கிடையாது, அடுக்கியதில் வரிசையும் கிடையாது. அன்றைக்கு மதியம் அவர் என்ன சாப்பிட்டார் என்று எழுதியிருக்கும்.

"இது என்ன கூத்து?" என்று கேட்டேன்.

"புரோகிராம் செய்ற மிசின் பேட்டரி பூட்ச்சி மேடம். அதப் பொறுத்தவரைக்கும் தெனமும் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி எண்பது, ஜனவரி ஒண்ணு. நம்பரு போடுங்கன்னா உங்காளுங்க மறந்துர்றாங்க. சோறு மறக்குமா?"

நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகும் வாரம். வேலை நிரந்தரமா இல்லையா என்று அந்த வெள்ளிக்கிழமை முடிவாக வேண்டும். அதற்குள் மதுராந்தகத்தில் புதிதாகத் திறந்த ஒரு லேப்பில் எங்கள் புரோகிராம் மூன்று தடவை செத்துப்போனது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்து வரிசையில் நின்ற ஜனங்கள் லேப்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார்கள். கடைசியாக அந்த புரோகிராமில் கைவைத்தவள் நான். ரிப்போர்ட் அச்சாகும் அழகை மாற்றியிருந்தேன். அந்த லேப்பில் கொண்டுபோய் ஏற்றியதும் நானே. வேறென்ன சாட்சி வேண்டும்? "நாளைக்கு நாலு மணிக்கு ஓனர் போன்ல வருவார். வேற ஏதாவது காரணம் இருந்தா அதுக்குள்ள சொல்லுங்கம்மா" என்றார் மேனேஜர் வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை காலை வீட்டில் அடுப்பைப் பற்றவைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

பதினொரு மணிக்கு லேப்காரரே டம்ப் கோப்பை சிடியில் ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். வரும்போதே சத்தம். "இன்னா சார் புரோகிராம் குட்த்துகிறீங்க? பேஜாரா போச்சி! ஒரு நோயாளி என்னிய அடிக்கவே வந்துட்டான்!" போஸ்ட்மார்ட்டம் அவரை உட்காரவைத்து, மோர் வாங்கிக் கொடுத்து, செருப்பைக் கழற்றிவிட்டு டம்ப்பை ஏற்றினார். திரை முழுக்க எண்கள். "சிம்பல் ஃபைல் குடுங்க மேடம்" என்று என் பக்கம் கையை நீட்டினார்.

என்னிடம் இல்லை. லேப்புக்குக் கொடுத்த பிறகு ஓர் எழுத்துப்பிழை கண்ணில் பட்டது. திருத்தி, அதே நம்பரிலேயே மறுபடி தயாரித்தேன். பழையது அழிந்துபோயிற்று.

"இப்போ அந்தப் பழைய கோடிங்கையே எடுத்து இன்னொரு தடவை செய்துடறேனே. எல்லாம் ஒண்ணுதானே?"

"அதே அப்பா, அதே அம்மா. அதுக்காவ தம்பியோட கைரேக அண்ணனுக்கு ஒத்துக்குமா? டீபக்கர் ஏத்துக்காது மேடம்." பீரோவைத் திறந்தார். "அன்னிக்கி இன்னா சாப்பிட்டோம், சொல்லுங்க."

நூற்றைம்பது சிடி. ஒவ்வொன்றையும் அந்தக் கிழட்டு டிரைவில் போட்டு நகல் எடுக்கப் பத்து நிமிடம். நாலு மணிக்குள் கால்வாசிகூட முடியாது. நான் கண்ணை மூடி யோசித்தேன். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் புரோகிராமை சிடியில் எழுதி எடுத்துக்கொண்டு மதுராந்தகம் பஸ் ஏறினேன். ஜன்னலோர சீட்டு. பக்கத்தில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள். அந்த அம்மாள் ஏன் படாளம் வரைக்கும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்? என் மடியில் இருந்த டப்பா மூடி சரியாக மூடாமல்...

"நெத்திலி!" என்று கத்தினேன். "நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு!"

அவர் விரல் பீரோவின் இரண்டாவது தட்டில் ஓடியது. 'வத்தக்கொழம்பு, சுமார்.' 'லெமன் சாதம், அந்தம்மா டப்பா, நல்லா கீது.' 'காரக்கொழம்பு, அந்தம்மா டப்பா, புளி ஜாஸ்தி.' எனக்குச் சுரீரென்றது. தினமும் மதியம் "ஒரு வாய் குடுங்க மேடம்" என்று தட்டை நீட்டிய மனுஷன், ஆறு மாதமாக என் சமையலுக்கு விமரிசனம் எழுதிப் பீரோவில் பூட்டிவைத்திருக்கிறார்! கடைசியில் ஒரு சிடியை உருவினார். 'நெத்திலி, உப்பு தூக்கல்.'

"உப்பு சரியாத்தான் இருந்தது" என்றேன். வேலை போகிற நேரத்திலும் பெண்பிள்ளைக்கு ரோஷம் போகாது.

சிடி பொருந்தியது. எண்களெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர்களாக மாறின. போஸ்ட்மார்ட்டம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குள்ளேயே போய்விட்டார். மணி ஒன்றானது. "டப்பா எங்க?" என்று பார்வையை எடுக்காமலே கேட்டார். கொண்டு வரவில்லை என்றேன். "ம்" என்றார். கேன்டீனுக்கும் போகவில்லை.

ஒன்றரை மணிக்கு அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "இங்க பாருங்க மேடம். ஒரு வேலய முடிச்சதும் எங்க திரும்பணும்னு புரோகிராம் ஒரு விலாசம் எழுதி வெச்சிருக்கும். இங்க விலாசத்தக் காணோம். எழுத்து கீது. பி, ஐ, எல், எல்..." அதற்கு முன்னும் பின்னும் நகர்த்திக் காட்டினார். ஆங்கில எழுத்தில் பளிச்சென்று இருந்தது: தனலட்சுமி, ஏழுமலையின் மனைவி, ஏரிக்கரைப் பிள்ளையார் கோயில் எதிர் வீடு.

லேப்காரர் எட்டிப் பார்த்தார். "ஆமா சார், நான்தான் போட்டேன். ரெண்டு தனலட்சுமி கீறாங்க. ரெண்டு பேரு வூட்டுக்காரரும் ஏழுமல. சுகர் ரிப்போர்ட்டு மாறிப்பூட்ச்சினா யாரு பதில் சொல்றது? அதான் இந்தம்மா பேர்லயே வூட்ட சேத்துட்டேன்."

"எத்தினி தபா வந்தாங்க அந்தம்மா?"

"மூணு தபா."

மூன்று தடவை வந்தாள். மூன்று தடவை செத்தது. பெயர் எழுத ஒதுக்கிய இடம் முப்பத்திரண்டு எழுத்துக்குத்தான். மிச்சம் அடுத்த வீட்டுக்குள் புகுந்து, திரும்பிப் போக வேண்டிய விலாசத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. வேலையை முடித்த புரோகிராம் தன் வீட்டைத் தேடாமல் பிள்ளையார் கோயிலைத் தேடிப் போயிருக்கிறது. நானும் லேப்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். போஸ்ட்மார்ட்டம் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

"அந்த முப்பத்திரண்டு எழுத்தை யார் எழுதினது?" என்று கேட்டேன்.

"ஒரு மட்டமான ஆளு" என்றார்.

நாலு மணிக்கு மேனேஜர் அறைக்குப் போனோம். ஓனரின் போன் வருவதற்கு முன்பே போஸ்ட்மார்ட்டம் விஷயத்தைச் சொன்னார். கம்பெனி ஆரம்பித்த புதிதில் அந்தப் பகுதியை எழுதியது அவரேதான். மேனேஜர் முகம் வெளிறிவிட்டது. அடுத்த வாரம் போஸ்ட்மார்ட்டத்தைத் தலைமைப் பொறுப்பில் போடுவதாக ஏற்பாடு. மேனேஜர் கதவைச் சாத்தினார். நான் ஒருத்தி நிற்பதையே மறந்துவிட்டு, "இது நமக்குள்ள இருக்கட்டும்பா. வேற யாருக்கும் அத படிக்கத் தெரியாது. இந்தம்மா எப்படியும் நிரந்தரம் இல்ல" என்றார்.

மேனேஜர் சொன்னது உண்மை. போஸ்ட்மார்ட்டம் அந்தத் திரையை மூடிவிட்டிருந்தால் எனக்கே தெரிந்திருக்காது. அச்சு அழகை மாற்றியதில் நான்தான் எங்கோ பிசகிவிட்டேன் என்று நம்பிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பேன்.

போன் அடித்தது. மேனேஜர் ஸ்பீக்கரைப் போட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் போஸ்ட்மார்ட்டம் மேஜை மேல் குனிந்து, போனுக்கு முத்தம் கொடுப்பதுபோல் நெருங்கி நின்று சொன்னார்: "வணக்கம் சார். செத்தது ஏன்னு கண்டுபுட்ச்சிட்டோம். கொன்னது நான்தான். மேடம் மேல ஒண்ணுமில்ல. ஒரு மணி நேரத்துல சரி பண்ணிக் குடுத்துர்றேன்."

"சரி, பண்ணுங்க" என்று ஓனர் போனை வைத்துவிட்டார்.

என் வேலை நிலைத்தது. அவருக்கு வர வேண்டிய பொறுப்பு வேறொருவருக்குப் போனது. "நல்லதாப் போச்சி. அந்த ரூமுக்குள்ள செருப்பக் கழட்டிட்டுக் குந்த முடியாது" என்றார். மறுநாள் டப்பாவை அவர் முன்னால் வைத்து நன்றி சொல்ல வாயெடுத்தேன். "இன்னா கொழம்பு?" என்றார். அத்தோடு என் நன்றி முடிந்தது.

அடுத்த வருடம் அவர் பெங்களூருக்குப் போய்விட்டார். ஆபீஸ் வேறு கட்டடத்துக்கு மாறியபோது பச்சை பீரோவைக் காலிசெய்யும் வேலை என் தலையில் விழுந்தது. நெத்திலிக்கு வெகுதூரம் தள்ளி, அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் சரிசெய்து கொடுத்த புரோகிராமின் சிடி இருந்தது. அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டார் என்று எனக்குத் தெரியும், எதுவும் சாப்பிடவில்லை. அதனால் என்ன எழுதியிருப்பார் என்று பார்க்கிற ஆவலில் திருப்பினேன். அவருடைய கோணல் எழுத்தில், 'பட்டினி. பரவால்ல' என்று இருந்தது.

அதை யாரிடமும் கேட்காமல் வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டேன். போட்டுப் பார்க்க இப்போது என்னிடம் டிரைவ்கூட இல்லை. ஆனால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைக்கிற நாளில், இன்றைக்கும் ஒரு சிட்டிகை உப்பைக் குறைத்துத்தான் போடுகிறேன்.