சம்பந்தியம்மாவுக்கு வழி சொன்ன கதை

ஒரு பொய்கூடச் சொல்லாமல் மகள் கல்யாணத்தைத் தீவை விட்டே துரத்திவிடுவது என்று சரந்திஸ் முடிவு செய்தார். பொய் சொன்னால் செவாஸ்தி கண்டுபிடித்துவிடுவாள். கட்டிக்கொண்ட நாளிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டுதான் இருக்கிறாள். உண்மையைச் சொன்னால் அவளால் என்ன செய்ய முடியும்?

மாப்பிள்ளை மேல் அவருக்கு ஒரு குறையும் இல்லை. கொஸ்மாஸ் தங்கமான பையன். தீவுப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவன். இரீனி அவனைப் பார்த்ததும், அவன் இரீனியைப் பார்த்ததும், ஊர் இருவரையும் பார்த்ததும் வரிசையாக நடந்து முடிந்திருந்தது. சரந்திஸின் கவலையெல்லாம் வீட்டைப் பற்றி.

அந்தத் தீவில் ஆம்பிளைக்கு வீடு கிடையாது. படகு உண்டு, கடன் உண்டு, ஆடு உண்டு. வீடு அம்மாவிடமிருந்து மூத்த மகளுக்குப் போகும். மகள் தலையில் கல்யாணக் கிரீடம் ஏறியதும் பெற்றவர்கள் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் இருக்கும் எண்ணெய்க் கிடங்குக்குக் குடிபோய்விட வேண்டும். கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். இருக்கிற ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டு ஆட்டுக்கொட்டிலைப் பார்த்திருக்கும். சரந்திஸ் மாப்பிள்ளையாக உள்ளே நுழைந்த அன்று மாமனாரும் மாமியாரும் அந்தக் கிடங்குக்குத்தான் போனார்கள். அப்போது அது நல்ல வழக்கமாகத்தான் அவருக்குப் பட்டது.

வீடு போனால் போகட்டும். பால்கனி போகிறதே என்றுதான் வயிறு எரிந்தது. கடலைப் பார்த்த அந்தப் பால்கனியை அவரே தன் கையால் கட்டினார். துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் கடை நடத்தும் மனிதர்; நாள் முழுக்கப் பயணிகளின் புலம்பலைக் கேட்டுவிட்டுச் சாயங்காலம் காப்பியோடு அங்கே உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு வரும். உலகத்தில் தன்னுடையது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஆறடி இடத்தைத்தான். பத்திரத்தில் அதுவும் அவர் பெயரில் இல்லை.

தப்பிக்க ஒரே ஒரு வழி இருந்தது. கொஸ்மாஸ் நாட்டின் மறுகோடியில், பிண்டஸ் மலைக்காரன். விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. அங்கே பெண்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவாள். கல்யாணத்தை மலையிலேயே வைக்க வேண்டும், பையன் மாற்றல் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்று அவன் அம்மா பரஸ்கெவி ஒற்றைக் காலில் நின்றாள். அது மட்டும் நடந்தால் வீடு இரீனியின் பெயரில் சும்மா கிடக்கும். பால்கனியில் சரந்திஸ் சாகும்வரை உட்காரலாம். செவாஸ்தியோ கல்யாணமும் இங்கே, குடித்தனமும் இங்கே என்று இன்னொரு காலில் நின்றாள். கடைசியில் பரஸ்கெவி, ஆகஸ்டில் ஒரு தடவை தீவுக்கு வந்து நேரில் பேசுவதாக இறங்கி வந்தாள்.

வந்தால் காரியம் கெட்டுவிடும். வந்தவர்களைச் செவாஸ்தி பேசியே கரைத்துவிடுவாள்.

"இந்தாய்யா, சம்பந்தியம்மா பேசறாங்க. எப்படி வர்றதுன்னு கேக்கறாங்க. டிக்கெட் விக்கிறவன் நீதானே, விவரமாச் சொல்லு" என்று செவாஸ்தியே போனைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

சரந்திஸ் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வழி சுலபம்மா. உங்க மலையிலேருந்து பஸ் புடிச்சு ஏதென்ஸ். அங்கேருந்து பிரேயஸ் துறைமுகம். கப்பல் ஏறினீங்கன்னா பதினேழு மணி நேரத்துல நம்ம ஊரு."

"பதினேழு மணி நேரமா! அவ்வளவு நேரமும் தண்ணி மேலயா?"

"கப்பல் வேற எது மேலம்மா போகும்?"

"காத்து கீத்து அடிக்குமா?"

"ஆகஸ்டு மாசம் வடக்குக் காத்து. மெல்தேமின்னு சொல்லுவோம். வானம் நீலமா இருக்கும், வெயில் பளிச்சுன்னு இருக்கும், பாத்தா ஒண்ணும் தெரியாது. கப்பல் மட்டும் ஆடும்."

"எவ்வளவு ஆடும்?"

"காத்துக்கு நம்பர் இருக்கும்மா. அஞ்சுன்னா காப்பி சிந்தும். ஆறுன்னா காப்பி குடிச்சவங்க சிந்துவாங்க. ஏழுன்னா சாமி படத்தைக் கையில எடுத்துக்குவாங்க."

"எட்டுன்னா?"

"எட்டுன்னா கப்பலையே விடமாட்டாங்க. துறைமுகத்துல கட்டிப் போட்டுருவாங்க."

"நடுக்கடல்ல போறப்ப ஏழு எட்டாயிட்டா?"

சரந்திஸ் பெருமூச்சு மட்டும் விட்டார். பெருமூச்சு பொய்யில் சேராது.

போனைச் செவாஸ்தி வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அரை மணி நேரம் குசுகுசுவென்று பேச்சு. அவர் உடைத்ததை உட்கார்ந்து ஒட்டுகிறாள் போல என்று சரந்திஸ் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்துப் பரஸ்கெவி மறுபடியும் கூப்பிட்டாள். குரல் ஏற்கெனவே பாதியாகிவிட்டிருந்தது.

"நான் இதுவரைக்கும் கடலையே பாத்ததில்ல சம்பந்தி."

"நம்ம நாட்டுல எந்த மூலையில நின்னாலும் நூத்தைம்பது கிலோமீட்டருக்குள்ள கடல் வந்துருமேம்மா! எப்படிப் பாக்காம இருந்தீங்க?"

"அந்தப் பக்கம் திரும்பல."

"சரிதான்."

"நாட்டுல ஆயிரக்கணக்குல தீவு இருக்குன்னு கொஸ்மாஸ் சொல்றான். எல்லாத்துலயும் ஆளு இருக்காங்களா?"

"எங்கம்மா? ஒரு இருநூத்துச் சொச்சத்துல இருப்பாங்க."

"மத்த தீவுல இருந்தவங்கள்லாம் என்ன ஆனாங்க?"

"என்னத்தைச் சொல்றது, போங்க" என்றார் சரந்திஸ். மற்ற தீவுகள் வெறும் பாறை என்பதை அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஆனா என் புள்ள, கடல் எண்ணெய் மாதிரி அமைதியா இருக்குன்னுதானே சொல்றான்?"

"அம்மா மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்லியிருப்பான். நல்ல பையன்."

மறுமுனையில் விசும்பல் கேட்டது. சரந்திஸுக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. பால்கனியை நினைத்ததும் சரியாகிவிட்டது. அன்றைக்கும் செவாஸ்தி போனோடு உள்ளே போனாள். ராத்திரி சாப்பாட்டுக்கு, அவருக்குப் பிடிக்கும் என்று பூசணிப் பூவுக்குள் அரிசி அடைத்துச் செய்திருந்தாள். வருஷக்கணக்காகச் செய்யாததை ஏன் செய்தாள் என்று ஒரு புத்திசாலி யோசித்திருப்பான். சரந்திஸ் இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாவது போன் ஞாயிற்றுக்கிழமை வந்தது.

"சம்பந்தி, நீங்க நல்லா இருக்கணும். நீங்க மட்டும் உண்மையச் சொல்லலைன்னா நான் என் புள்ளையவே தொலைச்சிருப்பேன். முடிவு பண்ணிட்டேன்."

சரந்திஸின் வாய் காதுவரை போனது. "சொல்லுங்கம்மா. கல்யாணம் உங்க ஊர்லயேதானே? நாங்க வந்துடறோம். எங்களுக்குக் கடல் பழக்கம்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்! கொஸ்மாஸ் அங்கயே இருக்கட்டும். மாற்றல் மனுவைக் கிழிச்சுப் போடுடான்னு சொல்லிட்டேன்."

"என்னது?"

"உங்க வீட்டம்மா எல்லாம் சொன்னாங்களே. குடும்பத்துக்குன்னு ஒரு சின்னக் கோயில் இருக்காமே. மூத்த பொண்ணுதான் விளக்கேத்தி ஊருக்குச் சோறு போடணுமாமே. ஜனவரியில அந்தோணியார் திருநாளு, அப்புறம் ஈஸ்டரு, ஆகஸ்டுல மாதா. உண்டுதானே?"

"உண்டு... உண்டுதான்..."

"அவங்க இங்க குடியிருந்தா வருஷத்துக்கு மூணு தடவை போகணும், மூணு தடவை வரணும். நாளைக்குப் புள்ளத்தாச்சிப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு, நீங்க சொன்ன அந்தக் கடல்ல! அங்கயே இருந்துட்டா என் புள்ள கப்பல் பக்கமே போக வேண்டாம் பாருங்க. கல்யாணத்தையும் இந்த மாதா திருநாள் முடிஞ்சதும் வெச்சுருவோம். நான் ஒரே ஒரு தடவை பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்துடறேன்."

"அம்மா, காத்து அவ்வளவு மோசமில்ல... பல நாள் மூணு, நாலுதான்... ஆகஸ்டு தவிர மத்த மாசமெல்லாம்..."

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. நல்ல மனுஷன்" என்று சொல்லிப் பரஸ்கெவி போனை வைத்துவிட்டாள்.

சரந்திஸ் சமையலறைக்குப் போனார். செவாஸ்தி அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் பீன்ஸ் உரித்தாள்.

"நீதானா?"

"நான் என்னய்யா பண்ணேன்? நீ கடலைப் பத்திச் சொன்ன. நான் கோயிலைப் பத்திச் சொன்னேன். இதுல எது பொய்யி?"

"இந்த வீட்டுக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிச்சது நானு."

"எங்கப்பாவும்தான் அடிச்சாரு."

"கூரை மாத்தினேன். பால்கனி கட்டினேன்."

"நல்லாத்தான் கட்டியிருக்க. புள்ளைங்க உக்காரட்டும்."

"அப்ப நான் எங்கடி உக்கார்றது?"

செவாஸ்தி கையிலிருந்த பீன்ஸைக் கீழே வைத்தாள். "எங்கம்மா அந்தக் கிடங்குல எத்தனை வருஷம் கிடந்தா? 'அத்தே, வாங்க, வந்து பால்கனியில உக்காருங்க'ன்னு ஒரு சாயங்காலம் கூப்பிட்டிருப்பியா நீ?"

சரந்திஸ் ஒரு பீன்ஸை எடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"அதைக்கூட விடு. நீ போன்ல பேசறப்பல்லாம் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். 'என் பொண்ணு அவ்வளவு தூரம் போயிடுவாளே'ன்னு ஒரு வார்த்தை வருமா வருமான்னு பாத்தேன். வந்திருந்தா நானே விட்டுக்கொடுத்திருப்பேன்யா. வரலை. ஆறடிப் பலகைக்குப் பதிலா பெத்த பொண்ணை மலைக்கு அனுப்பப் பாத்தவன்தானே நீ?"

அவருக்கு அவமானமும் வந்தது, கோபமும் வந்தது. அவமானத்தை விழுங்கிக்கொண்டார். கோபத்தைக் காட்ட ஆள் கிடைக்காமல் பால்கனியில் போய் உட்கார்ந்தார். கல்யாணம்வரை மிச்சமிருந்த சாயங்காலம் ஒவ்வொன்றையும் அங்கேயே கழித்தார். காப்பி மட்டும் ஒரு நாளும் ருசிக்கவில்லை. ஒரு நாள் இரீனி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கல்யாணத்துக்கு அப்புறமும் தினம் வந்து இங்கதான்பா காப்பி குடிக்கணும் நீங்க" என்றாள். சரந்திஸுக்கு அழுகை வந்துவிட்டது. பெண்ணுக்காக அழுகிறாரா, பால்கனிக்காகவா என்று அவருக்கே தெரியவில்லை.

மாதா திருநாளுக்கு மறுநாள் கப்பல் வந்தது. காற்று ஏழாம் நம்பர். இறங்கியவர்கள் எல்லாரும் சுண்ணாம்பு நிறத்தில் இருந்தார்கள். கடைசியாகப் பரஸ்கெவியை இரண்டு மாலுமிகள் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒரு கையில் மாதா படம், இன்னொரு கையில் வாந்தி எடுத்து வாயைக் கட்டிய பிளாஸ்டிக் பை. கரையில் கால் பட்டதும் தரையைக் குனிந்து முத்தமிட்டாள். பிறகு சரந்திஸின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

"சம்பந்தி! லோகத்துல உண்மை பேசற ஒரே ஆம்பிளை நீங்கதான்! ஒரு எழுத்து மாறலையே!"

"வாங்கம்மா. ரெண்டு வாரம் இருந்து ஓய்வெடுங்க. செப்டம்பர்ல கடல் அமைதியாயிடும், நானே நல்ல நாளாப் பாத்து டிக்கெட்..."

"டிக்கெட்டா? எதுக்கு?"

"ஊருக்குத் திரும்பணுமே?"

"மறுபடியும் அதுலயா? செத்தாலும் ஏறமாட்டேன். என் பொணம்கூட ஏறாது. புள்ளையோட இங்கயே இருந்துடறேன்."

சரந்திஸ் செவாஸ்தியைப் பார்த்தார். இது அவளுக்கும் புதிதுதான் போலிருந்தது. ஆனால் ஒரு கணம்தான். "அதுக்கென்ன, பெரிய ரூமைக் குடுத்துட்டாப் போச்சு" என்றாள்.

பெரிய அறை என்றால் பால்கனி அறை. சம்பந்தியம்மாவின் டிரங்குப் பெட்டியைச் சரந்திஸ்தான் படியேற்றினார். உள்ளே பாலாடைக்கட்டியா பாறாங்கல்லா என்று தெரியாத கனம். பரஸ்கெவி பால்கனிக் கதவைத் திறந்தாள். எதிரே கடல் முழுக்க நுரை கட்டிப் பொங்கிக்கொண்டிருந்தது. "ஐயோ, வீட்டுக்குள்ளயே வந்துருச்சே!" என்று அலறித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்தது. சரந்திஸும் செவாஸ்தியும் கிடங்குக்குக் குடிபோனார்கள். மூன்றாம் நாள் காலையில் இரீனி தயங்கித் தயங்கி வந்தாள்.

"அப்பா, அத்தை கண்ணே மூடலைப்பா. பால்கனிக் கதவைப் பூட்டினாலும் இடுக்கு வழியா கடல் தெரியுதாம். பலகை வெச்சு அடைச்சாத்தான் ஆகும்கிறாங்க. கொஸ்மாஸுக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியாது. நீங்கதான்..."

சரந்திஸ் எழுந்து போனார். பலகைகளை எடுத்துக்கொண்டு பால்கனியில் கால் வைத்தார். கதவைச் சாத்தி, வெளிப்பக்கமாக நின்று முதல் பலகையைக் குறுக்கே வைத்தார். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். அப்புறம் ஆணியை எடுத்து அடிக்க ஆரம்பித்தார். மூன்று ஆணி இறங்கியிருக்கும், உள்ளேயிருந்து செவாஸ்தி கதவைத் தட்டினாள்.

"யோவ், அந்தப் பக்கம் நின்னு அடைச்சா நீ எப்படிய்யா வருவே? புடுங்கிட்டு உள்ள வந்து அடி."

சரந்திஸ் ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, உள்ளே வந்து அடித்தார்.