சம்பந்தி மாமாவின் ரப்பர் செருப்பு

ஒழுங்காக இருப்பது நல்ல குணம் என்று சொல்கிறவர்கள் யாரும் என்னைத் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அப்போது திருப்பதியில் ஒரு சந்தை ஆய்வு அலுவலகத்தில் எனக்குத் தற்காலிக வேலை. இந்தப் பக்கத்து மக்கள் எந்த மாதிரிச் செருப்பு போடுகிறார்கள் என்று ஒரு கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். அறிக்கை நன்றாக வந்தால் வேலை நிரந்தரம். அக்காவின் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன வீடுகளிலேயே கேள்வித்தாளையும் நீட்டினேன். (பஸ் செலவு மிச்சம் என்று பெருமை வேறு.) எல்லாரும் தோல் செருப்பு என்றார்கள். அக்காவின் வருங்கால மாமனாரான சம்பந்தி மாமா, "தோலத் தவிர வேற எதுவும் கால்ல ஏறாதும்மா" என்றார்.

மேலாளர் நம்பவில்லை. "கேட்டது போதும். அவங்களுக்குத் தெரியாம நின்னு பாரு" என்றார்.

நாகலாபுரம் கோயிலில் கல்யாணம். வாசலோரம் மறைந்து நின்று, யார் எதைக் கழற்றுகிறார்கள் என்று குறித்துக்கொண்டேன். தாலி கட்டும் நேரத்தில் எல்லாரும் உள்ளே. (நானும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும்.) ஒரே ஜோடியை இருமுறை எண்ணிவிடக் கூடாதே என்று, அத்தனை செருப்புகளையும் ரப்பர், தோல், துணி எனப் பிரித்து, அளவுவாரியாக அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு!

கூட்டம் வெளியே வந்தது. விட்ட இடத்தில் எவருடைய செருப்பும் இல்லை.

"எவன்டா எல்லாத்தையும் கலச்சுப் போட்டவன்?" என்று கத்தினார் நைனா, என் அப்பா.

"கலைக்கல நைனா, பிரிச்சு வச்சிருக்கேன்."

"அக்காளுக்குத் தாலி கட்டச்சொல்ல இந்த வேலையா பண்ணிக்கினு இருந்த?"

சம்பந்தி மாமா தோல் வரிசையில் எதையோ தேடுவதுபோல் நின்றார். உதவும் ஆர்வத்தில் நான் ரப்பர் வரிசைக்கு ஓடினேன்.

"மாமா, உங்களுது இங்க இருக்குது! வார்ல ஊக்கு குத்துன ஜோடி!" என்று கையில் தூக்கியே காட்டினேன்.

கோயில் வாசல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"அது என்னுது இல்ல" என்றார் மாமா. சொன்னவர், நண்பகல் வெயிலில் வேனை நோக்கி வெறுங்காலோடு நடந்தார். முதலில் கம்பீரமாக, பிறகு குதித்துக் குதித்து.

"இன்னாங்க, காலு வெந்துபூடும், போட்டுக்கினு வாங்க!" என்று அத்தை பின்னாலிருந்து கூவி, மிச்சமிருந்த மானத்தையும் வாங்கினார்.

சம்பந்தி வீட்டார் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார்களோ என்று நைனா நடுங்கினார். பந்தியில் மாமா உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. என்னோடு பேச்சு வர ஒரு மாதம் ஆனது.

மாமா சொன்னதையும் நான் கண்டதையும் மேலாளர் அடுத்தடுத்து வைத்துப் படித்தார். சிரித்து முடிக்கவே நேரம் பிடித்தது. வேலை நிரந்தரமானது.

இன்றும் எந்த விசேஷத்திலும் வாசலில் என்னைக் கண்டால் மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி, செருப்பின் அடிப்பாகத்தைக் காட்டுவார்.

"தோலும்மா. நல்லா பாத்து எழுதிக்கோ."

நானும் குனிந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடுகிறேன்.