ஆட்டம் சாரும் அம்மன் டவரும்

நிமிர்ந்து நிற்பது எதுவும் இந்த உலகத்தில் சும்மா நிற்கவில்லை என்று உறுதியாக நம்பிய ஒரே மனிதர் எங்கள் ஆட்டம் சார்.

பாலிடெக்னிக்கில் கட்டடங்களின் ஆட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். பென்னாகரத்தில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து செல்போன் டவர், தென்னைமரம், கட்சிக்காரர்களின் கட்அவுட் என்று எதைக் கண்டாலும் அடியில் நின்று அண்ணாந்து, அதன் ஆட்டத்தோடு தானும் தலையாட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் டவர் ஏதோ கேட்க, இவர் சம்மதிப்பது போலிருக்கும். ஆறடிக்கு மேல் வளர்ந்த என்னையும் விடவில்லை. "தொப்பையக் கொறைச்சிடாதீங்க. உங்க ஒசரத்துக்கு அதுதான் ஆட்டத்த அடக்குது" என்றார். என் தொப்பைக்கு அறிவியல் ஆதரவு கிடைத்தது அந்த ஒருமுறைதான்.

மாரியம்மன் பண்டிகைக்குச் சவுக்குக் கம்பில் டவர் கட்டி, சீரியல் பல்பில் அம்மனை நிறுத்துவது எங்கள் தெரு வழக்கம். ஒரு வருடம் ஆடிக் காற்றில் அம்மன் மெல்லச் சாய்ந்து சாய்ந்து நிமிர, பக்தர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடினார்கள். "அடுத்த தடவையும் ஆடுனா இனிமே டவரே வேணாங்க" என்று சொல்லிவிட்டார் விழாத் தலைவரான தக்காளி மண்டிக்காரர். மறு வருடம் சார் முன்வந்தார். ஆயுள் முழுக்கக் கரும்பலகையில் மட்டுமே ஆட்டத்தை அடக்கியவருக்கு நிஜமான டவர் ஒன்று கிடைத்தது. தவறினால் இன்னொன்று கிடைக்காது.

உச்சியில் ஒரு நீல டிரம்மைக் கட்டி, பாதியளவு தண்ணீர் ஊற்றச் சொன்னார்.

"இது எதுக்குங்க சார்?" என்றார் தலைவர்.

"டவரு இந்தப் பக்கம் வர்றப்ப தண்ணி அந்தப் பக்கம் போயி மோதும். ஆட்டத்த அதுவே தின்னுடுங்க."

மதியம் கயிறு கட்டி இழுத்துவிட்டுப் பார்த்தோம். லேசாக ஆடி அடங்கிவிட்டது. சார் வீட்டுக்குப் போய்ச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

சாயங்காலம் காற்று வந்தது. அம்மன் போன வருடத்தைவிட நன்றாகவே ஆடினாள். கூட்டம் சிதறியது. சார் மட்டும் அண்ணாந்து டிரம்மையே பார்த்தார்.

"டிரம்ம யாராச்சும் தொட்டீங்களா?" என்றார் டவரில் பல்பு கட்டிய லைட்காரரிடம். லைட்காரர் தலைவரின் மனைவியைப் பார்த்தார்.

"நாந்தாங்க ரொப்பச் சொன்னேன்" என்றார் அந்தம்மா. "அம்மன் தலைக்கு மேல அரைக்கொடமா வெப்பாங்க? வாய் வரைக்கும் ரொப்பி, மூடி போட்டு, மஞ்சத்துணியும் கட்டச் சொல்லிட்டேன்."

நிறைகுடம் தளும்பாது. சாருக்கு வேண்டியதோ தளும்பல்தான்.

"பாதியக் கீழ ஊத்திடலாங்கம்மா."

"சாமி தண்ணியத் தரையில ஊத்துனா வூடு வெளங்குங்களா?"

கோயில் பக்கமே எட்டிப் பார்க்காத சார் கொஞ்சம் யோசித்தார். "அப்பத் தீர்த்தமாக் குடுத்துடலாங்க."

விளக்கை அணைத்துவிட்டு, அம்மனை வேண்டிக்கொண்டு லைட்காரர் ஏறினார். டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கியது. கீழே டம்ளரும் கையுமாக நான். உயிருக்குப் பயந்து ஓடிய கூட்டம், தீர்த்தம் என்றதும் ஆடுகிற டவருக்கு அடியிலேயே வரிசை கட்டியது. "கம்மியா ஊத்தறீங்களேங்க" என்று என்னிடம் சண்டை வேறு. தண்ணீர் பாதியானதும் லைட்காரர் டியூபை உருவிக்கொண்டு இறங்கி, ஸ்விட்சைப் போட்டார்.

காற்று அப்படியேதான் இருந்தது. அம்மன் லேசாக அசைந்து, நின்றாள்.

"தீர்த்த மகிமை" என்று அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "வர்ற வருசமும் டவரு உண்டுங்க சார்" என்றார் தலைவர். சார் எதையும் மறுக்கவில்லை. அண்ணாந்தபடியே நின்றார். டவர் நின்றுவிட்டது, அவர் கைகள்தான் நடுங்கிக்கொண்டிருந்தன. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவற்றைப் பிடித்துக்கொண்டேன்.