சுங்குவார்சத்திரத்தில் ஓடிய எரிமலைக் குழம்பு

கூச்ச சுபாவம் உள்ளவனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று எல்லோரும் நம்புகிறார்கள். தப்பு. ஒரே ஒரு கேள்வி கேட்கக் கூச்சப்பட்டு ஒரு ஊரையே அழித்தவன் நான். (அட்டை ஊர்தான். ஆனாலும் ஊர் ஊர்தானே.)

ஒரகடம் பக்கம் கார் சீட்டுக்கு மெத்தை செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. இரண்டு திரவங்களைக் கலந்து இரும்பு அச்சில் ஊற்றி இறுக்கி மூடுவார்கள். உள்ளே அது பொங்கி மெத்தையாகும். ஊற்றுவது லைனின் அந்த முனையில். நான் இந்த முனை. மூடி திறந்ததும் மெத்தையை உருவி எடுப்பேன். அது பொங்குவதைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

என் மகள் ஜெனி அப்போது எட்டாம் வகுப்பு. பள்ளிக் கண்காட்சிக்குத் தெர்மாகோலில் எரிமலையும் அதன் அடிவாரத்தில் அட்டையில் ஒரு ஊரும் செய்துகொண்டிருந்தாள். தேர்வானால் காஞ்சிபுரத்தில் மாவட்டக் கண்காட்சி. தூக்கத்தில்கூட காஞ்சிபுரம் என்றுதான் உளறினாள்.

"வினிகர் ஊத்துனா நுரை வந்து வடிஞ்சிடுதுப்பா. எல்லாரும் அதான் பண்றாங்கோ. லாவா அப்படி இல்ல. ஓடும், ஆறும், கல்லா நின்னுடும். நிலத்தையே மாத்திடும். அத காட்டணும்."

"எங்க கம்பெனில ஒண்ணு கீது," என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.)

சூப்பர்வைசரிடம் கேட்கத் தைரியம் வர ஒரு வாரமானது. "மீந்து போனதுதானே, எடுத்துக்கோப்பா. கிளவுஸ் போட்டுக்கோ, வெளியில வச்சி ஊத்து. புள்ளைங்க கை வச்சா ஒட்டிக்கும், ஜாக்கிரதை," என்றார். எவ்வளவு ஊற்றுவது என்று அந்த முனையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன நினைப்பார்களோ என்று கேட்கவில்லை. மலை ஒரு சீட் அளவு இருந்தது. ஆகவே ஒரு சீட்டுக்கான அளவு என்று நானே முடிவு செய்தேன். மலைக்குள் குழியாக இருந்தது வெட்டின தண்ணீர் பாட்டில் ஒன்று. அச்சுக்கு மூடி உண்டு, மலைக்கு மூடி கிடையாது என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

சுங்குவார்சத்திரம் பள்ளி மைதானத்தில் மேசை போட்டிருந்தார்கள். நடுவராக வந்த டீச்சர் முன்னால் ஜெனி பேசத் தொடங்கினாள். நான் இரண்டு திரவங்களையும் கலக்கினேன். நிறம் வர அவள் சிவப்பு வாட்டர் கலரையும் கொட்டினாள். (தண்ணீர் சேர்ந்தால் இன்னும் பொங்கும் என்பது பிறகுதான் தெரிந்தது.) ஊற்றினேன். பாட்டில் நிரம்பி, மீதி சரிவில் இறங்கியது. அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. கெட்டுப்போன கெமிக்கலோ என்று பயந்தேன்.

பிறகு அது பொங்கியது. நிஜமான பயம் அப்போதுதான் வந்தது.

தீப்பெட்டி வீடுகள் போயின. சர்ச்சும் கோயிலும் ஒன்றாக மூழ்கின. நீலத்தாள் ஆறு மறைந்தது. பக்கத்தில் நின்றாலே சூடு முகத்தில் அடித்தது. வேடிக்கை பார்க்கச் சின்னப் பிள்ளைகள் முண்டியடித்தார்கள். "கிட்ட வராதீங்க!" என்று கத்த நினைத்தேன், வெறும் காற்றுதான் வந்தது. கையை விரித்து நின்றேன். எல்கேஜி பொடியன் ஒருவன் என் கைக்குக் கீழே புகுந்து விரலை நீட்டினான். அவனை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் வீறிட்டான். குழம்பு மேசை விளிம்பைத் தாண்டி என் செருப்பில் சொட்டியது.

"அப்பா, நிறுத்துப்பா!"

"எப்டி நிறுத்தறதுன்னு எனக்குத் தெரியாதும்மா."

ஜெனியின் கண்ணில் நீர் முட்டியது. காஞ்சிபுரம் அவள் கண் முன்னால் முழுகிக்கொண்டிருந்தது. மூக்கை உறிஞ்சிவிட்டு நடுவர் பக்கம் திரும்பினாள்.

"பாருங்க மிஸ், மேல தோல் கெட்டியாயிடுச்சு. உள்ள இன்னும் ஓடிக்கினு கீது. உள்ள இருக்கறது வடிஞ்சிட்டா அது குகை. குழம்பு தண்ணியா இருந்தா தூரமா ஓடிப் பரவும். கெட்டியா இருந்தா வாய் கிட்டயே குமிஞ்சி மலையாகும். இங்க ஆத்த மறிச்சிடுச்சு. இனிமே இந்தப் பக்கம் ஏரி."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இதெல்லாம் பிளான் பண்ணித்தான் செஞ்சீங்களா சார்?"

என் தலை எல்லாப் பக்கமும் ஆடியது.

"இதை அப்படியே காஞ்சிபுரத்துக்குக் கொண்டு வாம்மா," என்றார் ஜெனியிடம்.

அப்படியேதான் கொண்டுபோக வேண்டியிருந்தது. மலை, மேசை, மேசைத்துணி, என் இடது செருப்பு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே நிலப்பரப்பாகியிருந்தன. "மேசை ஸ்கூலோடது!" என்று ஹெட்மாஸ்டர் அலறினார். குட்டியானை லோடு வண்டி பிடித்து மேசையோடு ஏற்றினோம். வழி நெடுக அதைக் கட்டிப்பிடித்தபடி, ஒற்றைச் செருப்போடு பின்னால் உட்கார்ந்து போனேன்.

ஜெனி இப்போது கல்லூரியில் படிக்கிறாள். காலையில் இட்லி மாவு பொங்கி அடுப்பு மேடையெல்லாம் வழிந்து கிடந்தால், என் மனைவி ஸ்டெல்லா மாவு வழியுது என்று சொல்வதே இல்லை.

"ஜெனி, உங்கப்பா இறங்கி வந்துகினு கீறாரு, துணி எடுத்தா!"

"தோல் கெட்டியாவட்டும்மா, அப்புறம் தொடலாம்," என்று உள்ளேயிருந்து பதில் வரும்.